கேளாத ஒலியும் கேட்பவர் கடமையும்

ஒரு குறை எப்பொழுதும் கண்ணெதிரே நிற்குமாயின் அதனை ஆராய்வது அறிவின் வேலை மட்டுமே ஆகும். உடைந்த கண்ணாடியைக் கண்டும் வெடித்த சக்கரத்தைக் கண்டும் எவரும் வாதிடுவதில்லை. ஆனால், ஒரு குறை சில வேளைகளில் தோன்றிப் பல வேளைகளில் மறைந்து, ஆராய வருபவர் முன்னிலையில் அறவே அடங்கிவிடுமாயின், அங்கே அறிவோடு அறமும் சேர்ந்து சோதிக்கப்படுகிறது. கண்டவர் சொல்லைக் காணாதவர் எந்த அளவுக்கு நம்ப வேண்டும்? உறுதியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல் உரைக்கலாமா? வெளிப்படாத குறையை இல்லாத குறை என்று தள்ளிவிடலாமா? இவை தத்துவ நூல்களுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. எண்ணெய்க் கறை படிந்த வாகனப் பட்டறைகளில் நாள்தோறும் எழும் வினாக்கள் இவை.

மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களிலும் கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களிலும் நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப் வண்டி இன்றியமையாத துணையாக விளங்குகிறது. மழைக்குப் பின் சேறாகிவிடும் செம்மண் பாதையில் உரமூட்டைகளையும் கருவிகளையும் ஏற்றிச் செல்வது அவ்வண்டியே. அதன் அடிப்பாகத்திலிருந்து விட்டு விட்டு எழும் ஓர் ஒலியின் காரணத்தைக் கண்டறிவது எப்படி என்னும் சிறு சிக்கலை எடுத்துக்கொண்டு, மேற்கூறிய வினாக்களை ஆராய்வது பயன் தரும்.

ஒலி பிறக்கும் வழி

எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் நேராகச் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. அது முதலில் கிளட்சையும் பின்னர் கியர்பெட்டியையும் கடக்கிறது. அடுத்து, ஆற்றலை முன்னும் பின்னும் பகிர்ந்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின்சக்கரங்களை நோக்கியும், மற்றொரு தண்டு முன்சக்கரங்களை நோக்கியும் செல்கின்றன. வண்டி குண்டும் குழியுமான பாதையில் ஏறி இறங்கும்பொழுது அத்தண்டுகள் வளைந்து கொடுக்க வேண்டும் அன்றோ? அதற்காக அவற்றின் முனைகளில் யூனிவர்சல் ஜாயிண்ட் எனப்படும் மூட்டுகள் பொருத்தப்பட்டுள்ளன. பின்தண்டு இரு துண்டுகளாக அமைந்த வண்டிகளில், இடையே அதனைத் தாங்க ரப்பர் பதித்த ஒரு பேரிங்கும் உண்டு. இறுதியாக டிஃபரன்ஷியல் என்னும் பல்லமைப்பு ஆற்றலைத் திருப்பி இரு பக்கச் சக்கரங்களுக்கும் அளிக்கிறது.

இத்தனை உறுப்புகளும் ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைக்கப்பட்டவை. ஆதலால் ஓரிடத்தில் பிறக்கும் ஒலி அச்சட்டத்தின் வழியே ஓடி வேறோர் இடத்தில் கேட்கும். பின்னச்சில் பிறந்த முனகல் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழே எழுவது போல் தோன்றும். செவி பொய் சொல்வதில்லை; ஆயினும் செவி காட்டும் இடமே ஒலியின் பிறப்பிடம் என்று கொள்வது பிழையாகிவிடும்.

கேட்டவரும் கேளாதவரும்

ஓர் ஓட்டுநர் பட்டறைக்கு வந்து முறையிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுமையேற்றி மேட்டில் ஏறி, இறக்கத்தில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் அடியில் ‘டக் டக்’ என்று தட்டுவதாக அவர் கூறுகிறார். காலையில் அவ்வொலி இல்லை. அரை மணி நேரம் ஓடிய பிறகே வருகிறது. அதுவும் எல்லா நாளும் வருவதில்லை. மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றியுள்ள தார்ச்சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறார். ஒலி எதுவும் இல்லை. “வண்டி நன்றாகத்தானே இருக்கிறது!” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

அவர் கூறியது பொய்யன்று. அவர் ஓட்டிய பத்து நிமிடத்தில் வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டுநர் சொன்ன நிலைமைகளுள் ஒன்றுகூட அச்சோதனையில் இடம்பெறவில்லை. சுமை இல்லை, மேடும் இல்லை, எண்ணெயும் உலோகமும் சூடேறப் போதிய நேரமும் இல்லை. சுமை ஏறினால் வண்டியின் பின்புறம் தாழும். தாழ்ந்தால் தண்டின் சாய்வு மாறும். சாய்வு மாறினால் தேய்ந்த மூட்டு வேறு விதமாக உழைக்கும். மிதியிலிருந்து காலை எடுக்கும்பொழுது எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும் நிலை மாறி, சக்கரம் எஞ்சினைத் தள்ளும் நிலை ஏற்படுகிறது. அந்தத் திருப்பத்தில்தான் உறுப்புகளிடையே உள்ள தளர்வு ஒலியாக வெளிப்படுகிறது. எனவே, பத்து நிமிட அமைதி ஓட்டுநரின் கூற்றை மறுக்கவில்லை. இன்ன நிலைமைகள் இல்லாதபோது ஒலி இல்லை என்று காட்டியதன் மூலம், அக்கூற்றுக்கு அது ஓரளவு துணையும் செய்தது.

இங்கே அறம் எவ்வாறு நுழைகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். ஓட்டுநரின் சொல்லுக்கு மேலாளரிடமும் பட்டறையிலும் பெரும்பாலும் மதிப்புக் குறைவு. “வேலைக்குச் சுணங்கிச் சாக்குச் சொல்கிறான்” என்று பழிப்பது எளிது. ஆயினும் அவ்வண்டியோடு நாள்தோறும் பத்து மணி நேரம் உறவாடுபவர் அவரே. தேய்ந்த மூட்டு ஒரு நாள் முற்றிலும் முறிந்து தண்டு கழன்று விழுமாயின், அந்த இறக்கத்தில் அமர்ந்திருப்பவரும் அவரே. ஒருவருடைய சொல்லை அவருடைய பதவியைக் கொண்டு அளப்பது அறிவுக் குற்றமாகவும் அறக் குற்றமாகவும் ஒருங்கே ஆகிவிடுகிறது.

அப்படியானால் முறையிடுபவர் கூறுவதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. “ஒலி கேட்டது” என்பது ஒரு கூற்று. “கியர்பெட்டி போய்விட்டது” என்பது வேறொரு கூற்று. முன்னது அவர் பட்டறிந்தது. பின்னது அவர் ஊகித்தது. பட்டறிவை நம்பி ஊகத்தைச் சோதிப்பதே முறை. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் ஒன்று எல்லாவற்றையும் நம்பி ஏமாறுவார். அல்லது எல்லாவற்றையும் மறுத்துத் தீங்கிழைப்பார்.

யானையின் ஒலியும் ஆற்றின் வெள்ளமும்

காணாத ஒன்றை அறியும் முறையைத் தமிழர் பண்டே ஆராய்ந்துள்ளனர். மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அங்கே அளவைவாதி என்பவன் கருத்தளவையைப் பொது, எச்சம், முதல் என மூவகையாகப் பிரித்துக் காட்டுகிறான். காட்டில் எழும் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டென உணர்வது பொது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என உணர்வது எச்சம். கருமுகிலைக் கண்டு மழை வரும் என உணர்வது முதல்.

இம்மூன்றும் பட்டறையில் அன்றாடம் பயன்படுகின்றன என்றால் வியப்பாகத் தோன்றலாம். முனகலைக் கேட்டு அடியில் ஏதோ ஒரு பேரிங் தேய்ந்துள்ளது என்று கொள்வது யானையின் ஒலியைக் கேட்டதற்கு நிகர். ஆனால் யானை உண்டு என்பது தெரிந்ததே தவிர, அது எந்த மரத்தின் பின்னே நிற்கிறது என்பது தெரியவில்லை. இருக்கையின் கீழ் அதிர்வை உணர்ந்து, அதன் காரணத்தைப் பின்னே தொலைவில் தேடுவது வெள்ளத்தைக் கண்டு மேல்மழையை உணர்வதற்கு நிகர். மூட்டின் ஓரத்தில் துருவின் செந்நிறப் பொடி படிந்திருப்பதைக் கண்டு, உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங்குகள் உலர்ந்துவிட்டன. ஒலி இன்று இல்லையாயினும் நாளை வரும் என்று கூறுவது முகிலைக் கண்டு மழையைக் கூறுவதற்கு நிகர். தக்க மெக்கானிக் இம்மூவகைக் கருத்தளவையையும் ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்க்கிறார். தகாதவர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்.

வினவும் கலை

விட்டு விட்டு வருவது காரணமின்றி வருவதன்று. இதற்கு மருத்துவத்தில் தெளிவான சான்று உண்டு. முற்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலரை மாய்த்த மலேரியாவைத் தமிழில் முறைக்காய்ச்சல் என்பர். 48 மணிக்கு ஒரு முறையோ 72 மணிக்கு ஒரு முறையோ காய்ச்சல் திரும்பி வரும் வகைகள் அதில் உண்டு. இடைப்பட்ட நாளில் நோயாளி நலமுற்றவர் போலவே காணப்படுவார். ஆயினும் கிருமி குருதியை விட்டு நீங்குவதில்லை. காய்ச்சல் இல்லாத நாளில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து “நோய் இல்லை” என்று சொல்பவரை மருத்துவர் என்று எவரும் மதியார். காய்ச்சல் வருவதும் போவதும் எந்த முறையில் என்பதே நோயை அடையாளம் காட்டிற்று.

வண்டியிலும் ஒலி எப்பொழுது வருகிறது என்னும் வினாவைப் போலவே எப்பொழுது வருவதில்லை என்னும் வினாவும் இன்றியமையாதது. தருக்க நூலார் உடன்பாடு, எதிர்மறை என்று கூறும் இரு நெறிகள் இவையே. வண்டியின் வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் மாற்றினால் ஒலி மாறுகிறதா? மாறினால் காரணம் எஞ்சின், கிளட்ச், கியர்பெட்டி ஆகியவற்றின் பக்கம் இருக்கலாம். மாறாவிட்டால் அவற்றுக்குப் பின்னுள்ள உறுப்புகளை ஐயுற வேண்டும். ஆளற்ற சமதளப் பாதையில் கியரை விடுவித்து வண்டியை உருளவிட்டாலும் முனகல் தொடர்கிறதா? தொடர்ந்தால் சக்கரத்தின் பேரிங்கையோ டயரையோ நோக்க வேண்டும். மெல்ல இடமும் வலமும் திருப்பும்பொழுது முனகல் ஏறி இறங்குகிறதா? வலப்புறம் திரும்பினால் சுமை இடச்சக்கரத்தின் மீது சாயும்; அப்பொழுது ஒலி மிகுந்தால் ஐயம் இடச்சக்கரத்தின் மீது விழும். சாலையின் தளம் மாறும்பொழுது ஒலியும் மாறினால், குற்றவாளி பெரும்பாலும் டயரே.

கணக்கும் இங்கே கைகொடுக்கும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 2 முறை சுழலும். டிஃபரன்ஷியலின் விகிதம் 4 எனில், அதே நொடியில் தண்டு 7 அல்லது 8 முறை சுழலும். ஆகவே, தட்டொலியின் விரைவை எண்ணினாலேயே அது சக்கரத்தோடு பிறந்ததா, தண்டோடு பிறந்ததா என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைத்துவிடும்.

சில வேளைகளில் விடை மிக எளியதாக இருக்கும். அடியில் சங்கிலியில் தொங்கும் மாற்றுச் சக்கரம் தளர்ந்திருக்கலாம். இருக்கையின் பின்னே வைத்த ஜாக்கி உருண்டிருக்கலாம். டயரின் பள்ளத்தில் ஒரு கல் சிக்கியிருக்கலாம். வேறு சில வேளைகளில் குறை வண்டியிலேயே இராது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியை உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டித் திருப்பினால், முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி செல்ல வேண்டியிருக்கும். அவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுக்க இயலாமல் தண்டுகள் முறுகும். டயர் வழுக்கும்பொழுது அம்முறுக்கு அதிர்ந்து விடுபடும். அவ்வொலி வண்டியின் குறையன்று. தன்னைத் தவறாகப் பயன்படுத்துபவர் மீது வண்டி செய்யும் முறையீடு.

மூன்று தவறுகள்

தோன்றி மறையும் குறையை எதிர்கொள்பவர் மூன்று தவறுகளுக்கு இடங்கொடுக்கக் கூடும். முதலாவது மறுப்பு. அது முன்னரே கூறப்பட்டது.

இரண்டாவது, கண்டறியாமலே மாற்றுவது. மூட்டை மாற்று, பேரிங்கை மாற்று, டிஃபரன்ஷியலையும் மாற்று என்று ஒரே நாளில் மூன்றையும் மாற்றிவிட்டு ஒலி நின்றதும் வெற்றி பெற்றதாக எண்ணுவோர் உண்டு. வண்டி குணமடைந்திருக்கலாம், ஆனால் எது காரணம் என்பது எவருக்கும் தெரியாது. தேவையற்ற இரண்டு உறுப்புகளுக்கும் உரிமையாளர் பணம் கொடுத்திருக்கிறார். “உரிமையாளருக்கு வேண்டியது வண்டி ஓடுவதுதானே, அறிவு எதற்கு?” என்று இதற்கு எதிர்வாதம் கூறலாம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. உயிருக்கு இடர் நேரக் கூடிய இடத்தில் முழு உறுதி கிட்டும்வரை காத்திருப்பது அறமாகாது. ஐயத்தின் பேரிலேயே மூட்டை மாற்றிவிடலாம். ஆனால் அது ஐயத்தின் பேரில் செய்யப்பட்டது என்று சொல்லிச் செய்ய வேண்டும். ஐயத்தைச் செயலாக்குவது குற்றமன்று. ஐயத்தை உறுதி என்று விற்பதே குற்றம்.

மூன்றாவது தவறு இவ்விரண்டினும் கொடியது. ஒலியை அடக்கிவிட்டுக் குறையை அப்படியே விட்டுவிடுவது. தேய்ந்த பல்சக்கரங்களின் ஓசையை மறைக்க எண்ணெயோடு மரத்தூளைக் கலந்து பழைய வண்டியை விற்றுவிடும் சூழ்ச்சி பல நாடுகளிலும் பேசப்படுவது. வானொலியின் ஓசையைக் கூட்டிக்கொண்டு ஓட்டுபவரும் இதே தவற்றைத் தமக்குத் தாமே செய்துகொள்கிறார். ஒலி என்பது பகைவன் அன்று, அது தூதுவன். தூதுவனின் வாயைப் பொத்துவதால் அவன் கொண்டு வந்த செய்தி பொய்யாகிவிடுவதில்லை.

அமைதி எதனை மெய்ப்பிக்கும்?

மூட்டு மாற்றப்பட்டது, ஒலியும் கேட்கவில்லை. குறை தீர்ந்தது என்று எப்பொழுது சொல்லலாம்? இவ்வினாவுக்கு விடை அவ்வொலி முன்னர் எத்தனை முறைக்கு ஒரு முறை வந்தது என்பதைப் பொறுத்தது. பத்துப் பயணங்களுக்கு ஒரு முறை என்ற அளவில், முன்பின் தொடர்பின்றி அது வந்தது என்று கொள்வோம். ஒன்றுமே பழுது பார்க்காமல் விட்டிருந்தாலும், தொடர்ந்து பத்துப் பயணங்கள் ஒலியின்றிக் கழிவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 35 வாய்ப்பு உண்டு. தொடர்ந்து 30 பயணங்கள் ஒலியின்றிக் கழிவதற்கோ நூற்றுக்கு ஏறத்தாழ 4 வாய்ப்பே உண்டு. ஆகவே பத்துப் பயணத்தின் அமைதி ஒரு நம்பிக்கை மட்டுமே. முப்பது பயணத்தின் அமைதி ஏறக்குறைய ஒரு சான்று.

இக்கணக்கின் பின்னே ஒரு பெரிய படிப்பினை உள்ளது. எவ்வளவு அரிதாகக் குறை தோன்றுகிறதோ, அவ்வளவு பொறுமையாகத் தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டும். “காரணம் இது என்று எண்ணுகிறேன், ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், மீண்டும் கேட்டால் நேரம், சுமை, வேகம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லும் மெக்கானிக் அறியாதவர் போலத் தோன்றலாம். அவரே அறிந்தவர். தாம் அறிந்ததன் எல்லையையும் அவர் அறிந்திருக்கிறார். அவர் ஓட்டுநரைச் சான்று கூறுபவராக மட்டுமன்றி, ஆராய்ச்சியில் பங்காளியாகவும் ஆக்கிக்கொள்கிறார். நேற்றுவரை எவரும் பொருட்படுத்தாத ஒருவருடைய செவி இன்று ஒரு கருவியாக மதிக்கப்படுகிறது.

செவிகொடுத்தல்

கல்விக்கூடத்திலும் இத்தகைய குறைகள் உண்டு. நேற்றுக் கணக்கைப் பிழையின்றிச் செய்த மாணவன் இன்று அதே கணக்கின் முன் திகைத்து நிற்கிறான். “நேற்றுத் தெரிந்தது இன்று எப்படித் தெரியாமல் போகும்? சோம்பல்தான்!” என்று தீர்ப்பளிப்பது, பத்து நிமிடம் தார்ச்சாலையில் ஓட்டிப் பார்த்து வண்டியில் குறையில்லை என்பதற்கு ஒப்பானது. எந்நாளில் அவன் திகைக்கிறான்? காலையிலா, மாலையிலா? உண்டு வந்த நாளிலா, உண்ணாமல் வந்த நாளிலா? வீட்டில் எந்தச் சுமை ஏறிய நாளில் அவன் மனத்தின் சாய்வு மாறுகிறது? இவற்றை வினவும் ஆசிரியருக்கு விடை உடனே கிடைக்காமற் போகலாம். ஆனால் வினவாத ஆசிரியருக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

உலகில் பல துன்பங்கள் தொடர்ந்து ஒலிப்பதில்லை. அவை இடையிடையே ஒலித்து, பிறர் செவிசாய்க்கும் நேரத்தில் அடங்கிவிடுகின்றன. அடங்கிய ஒலியை இல்லை என்று சொல்வோர்க்கு எந்த இழப்பும் இல்லை. இழப்பெல்லாம் அதைக் கேட்டவர்க்கே. ஆதலால், தன் செவிக்கு எட்டாத ஒன்றைப் பிறர் கேட்டதாகக் கூறும்பொழுது அவரோடு அதே சுமையை ஏற்றிக்கொண்டு, அதே மேட்டில் ஏறி, அதே இறக்கத்தில் உடன் இறங்கிப் பார்ப்பதே அறிந்தோர் கடமை. அதன் பின்னரும் ஒலி கேளாவிடில், “இன்னும் கேட்கவில்லை” என்று உரைக்கலாம். “இல்லை” என்று உரைக்க எவருக்கும் உரிமையில்லை.